கொஞ்சம் பேசணும்

அந்த ஞாயிறு பின்னேரம் தவமணி அன்ரியின் முன்னறையில் இருந்தவர்கள்: வீட்டுக்காரி தவமணி அன்ரி, அவருடைய கணவர் அகஸ்ரின் அங்கிள், இடப்பக்க வீட்டு மரியோ, வலப்பக்க வீட்டு ஷிவானி, பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருக்கும் நான். என் கார் வெளியே டிரைவ்வேயில் நின்றது. நிற்கும்போது அது சத்தம் போடாது.

ஓடும்போதுதான் பிரச்சினை. பனி கரையத் தொடங்கிய நேரத்தில், பக்கத்து நகரமான விட்பியில் நான் வேலை செய்யும் களஞ்சியத்தின் கார் நிறுத்துமிடத்தில் வைத்து, காரின் அடியிலிருந்த கற்றலிற்றிக் கொன்வேட்டரை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புகைக்குழாயின் நடுவில் இருக்கிற பாகம். உள்ளே விலை கூடிய உலோகம் இருக்கிறதாம். ரொறன்ரோவில் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் களவைப் பற்றி விளக்கத் தேவையில்லை. அன்றிலிருந்து என் கார் உழவு மெசின் மாதிரி உறுமியது. என் காப்புறுதி அடுத்தவன் காரை நான் இடித்தால் மட்டும்தான் வாய் திறக்கும். நானும் திருத்தவில்லை. விடப்போகிற வேலைக்குப் போய்வருகிற காரை எதற்குத் திருத்துவது? பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவிட்டு இந்த இரவு வேலைக்கு வந்த நாளிலிருந்து இதையும் விடப்போவதாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போகும்போது தெருவில் ரிவி ஓடும், பிள்ளைகள் கத்தும், யாரும் கவனிப்பதில்லை. வரும்போது விடிந்தும் விடியாத நேரம். ஸ்காபரோவின் அந்தச் சின்னத் தெருவில் வீடுகள் தோளோடு தோள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. கார் திரும்பும் மூலையிலிருந்து எங்கள் வாசல்வரை எல்லாருடைய நித்திரைக்குள்ளும் புகுந்துதான் நான் வீட்டுக்கு வருவேன்.

போன கிழமை மாநகரசபையிலிருந்து அன்ரிக்கு அழைப்பு வந்தது. உங்கள் வீட்டுக் காரைப் பற்றி அயலவர் ஒருவர் முறைப்பாடு கொடுத்திருக்கிறார், தொடர்ந்தால் ஓர் அதிகாரி வந்து பார்ப்பார் என்று சொன்னார்கள். முறைப்பாடு செய்தவரின் பெயரைச் சொல்லவில்லை. அன்ரிக்குச் சத்தத்தைப் பற்றிக் கவலையில்லை, அதிகாரி வருவதைப் பற்றித்தான் கவலை. காரைப் பார்க்க வருகிறவன் பக்கக் கதவையும் பார்ப்பான், பக்கக் கதவைப் பார்த்தால் பேஸ்மென்ற்றையும் பார்ப்பான். அங்கே என் கட்டிலும் அடுப்பும் இருக்கின்றன, ஆள் வெளியே ஏறுமளவுக்கு ஒரு யன்னல் இல்லை. அனுமதி எடுக்காத குடியிருப்பு. அன்ரி சுற்றிவளைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் இது தீராவிட்டால் நான் வேறு இடம் பார்க்கவேண்டும். என் சம்பளத்துக்கு இந்த நகரத்தில் வேறு இடம் என்பது இன்னொருவனோடு ஒரே அறையில் மெத்தை போடுவது.

இதற்கு நடுவில்தான் ஷிவானி வேலியருகில் அன்ரியைப் பிடித்திருக்கிறாள். கோயம்புத்தூர்க்காரி. கணவனோடு பக்கத்து வீட்டின் மேல்மாடிக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. கீழே இருக்கிற பையன்கிட்ட கொஞ்சம் பேசணும், ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று கேட்டிருக்கிறாள்.

அன்ரி நேரே படியிறங்கி வந்து என் கதவைத் தட்டினார். முறைப்பாடு கொடுத்தவள் அகப்பட்டுவிட்டாள் என்றார். கொடுத்தது காணாதென்று வீட்டுக்கே வந்து பேசப்போகிறாளாம், என்ன துணிவு என்றார். வரட்டும், சாட்சி வைத்துக்கொண்டு கதைப்போம் என்றார். சாட்சிக்கு மரியோவை அழைத்தார். தக்காளிக் கன்று கொடுக்கிற, பனி வழிக்கும்போது எங்கள் நடைபாதையையும் சேர்த்து வழித்துவிடுகிற நல்ல மனுசன். சத்தம் என்று ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

அன்ரி தேத்தண்ணியும் மரக்கறி ரோல்ஸும் கொண்டுவந்து வைத்தார். மரியோவுக்கு முதல், ஷிவானிக்குக் கடைசி. அகஸ்ரின் அங்கிள் கிரிக்கெட்டின் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷிவானி கதிரையின் நுனியில் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். பேச வந்தவள் சிரிக்கிறாளே என்று எனக்கே கோபம் வந்தது.

அவள் வாய் திறப்பதற்கு முதல் அன்ரி தொடங்கினார்.

"பிள்ளை, சத்தம் எல்லாருக்கும்தான் கேக்குது. அதுக்காக வீடு தேடி வந்து பேசுறதே? அவன் என்ர வீட்டில இருக்கிற பெடியன். பேசுறதெண்டா நான் பேசுவன். நீர் ஏன் பேசுறீர்?"

ஷிவானியின் சிரிப்புப் போய்விட்டது. "இல்லைங்க ஆன்ட்டி, நானே பேசினா நல்லா இருக்கும்னு..."

"கேட்டீங்களே?" என்று அன்ரி கணவர் பக்கம் திரும்பினார். "நல்லா இருக்குமாம்."

பிறகு மரியோவிடம் ஆங்கிலத்தில், இத்தனை வருடம் பக்கத்தில் இருக்கிறாயே, இந்தப் பையனால் உனக்கு ஏதாவது தொந்தரவு உண்டா, இவளுக்குச் சொல்லு என்றார்.

மரியோ கையிலிருந்த ரோலைத் தட்டில் வைத்தான். விரல்களைத் துடைத்தான். "மாநகரசபைக்கு அழைத்தது நான்தான்" என்றான்.

ரிவியில் யாரோ ஆட்டமிழந்தார்கள். அகஸ்ரின் அங்கிள்கூட அதைப் பார்க்கவில்லை.

மரியோ மன்னிப்பும் கேட்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. அவனுடைய மனைவி வேரோனிக்காவுக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை நடந்தது எங்களுக்குத் தெரியும். அன்ரி சூப்பும் கொண்டுபோய்க் கொடுத்தவர். எங்களுக்குத் தெரியாதது, வலியில் அவள் இரவு முழுக்க விழித்திருக்கிறாள் என்பதும், விடியப்போகும்போதுதான் கண் அயர்கிறாள் என்பதும், அயர்ந்த கையோடு நான் வந்து சேர்கிறேன் என்பதும்.

"உன்னிடமே சொல்லியிருப்பேன்" என்றான் என்னிடம். "எப்போது சொல்வது? விடியப் பேஸ்மென்ற்றுக்குள் இறங்கினால் நீ ஏறி வருவதில்லை. பிறகு காரில் ஏறிப் போய்விடுகிறாய். உன் முகத்தை இவ்வளவு நேரம் பார்ப்பது இன்றைக்குத்தான்."

உண்மைதான். வருத்தம் என்று மட்டும் சொன்னேன். அவன் தலையாட்டினான்.

அன்ரியின் நிலைமை என்னுடையதைவிட மோசம். கூட்டி வந்த சாட்சியே வழக்காளி. எஞ்சியிருந்த ஒரே ஆளிடம் திரும்பினார். "அப்ப நீர் ஏன் பேச வந்தனீர்?"

"பேசத்தாங்க வந்தேன்" என்றாள் ஷிவானி. கண் கலங்கிவிட்டது. "நான் என்ன தப்பு பண்ணேன்? பேசவே கூடாதுன்னா எப்படிங்க?"

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. வேலையிடத்தில் தமிழ்நாட்டுப் பெடியன் ஒருவன் இருக்கிறான். வந்த புதிதில் ஒரு நாள், மேனேஜர்கிட்ட பேசிட்டேன் என்று சாதாரணமாகச் சொன்னான். மனேஜரையே பேசிவிட்டானே என்று ஒரு கிழமை அவனை மரியாதையோடு பார்த்தேன். அவன் லீவு கேட்டிருக்கிறான், அவ்வளவுதான். எங்களுக்குப் பேசுவது என்றால் ஏசுவது. அவர்களுக்குப் பேசுவது என்றால் கதைப்பது. அன்ரி இந்தச் சொல்லைத் தொலைக்காட்சித் தொடர்களில் ஆயிரம் தடவை கேட்டு, சரியாக விளங்கி, சேர்ந்து அழுதும் இருக்கிறார். ஆனால் காதுக்குள் முறைப்பாடு இருக்கும்போது ஊர்க் காதுதான் வேலை செய்யும்.

"அன்ரி, அவ ஏச வரேல்லை" என்றேன். "கதைக்க வந்திருக்கிறா."

அன்ரி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஷிவானியும் எங்களைப் பார்த்தாள். நான் அவளுக்கும் விளக்கினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கும் எங்கள் ஊர் அம்மா ஒருவரிடம், உங்க பிள்ளையைப் பத்திப் பேசணும் என்று போன மாதம் சொன்னாளாம், அந்த அம்மா இன்றுவரை முகம் கொடுப்பதில்லையாம்.

அகஸ்ரின் அங்கிள் முதல் தடவையாக வாய் திறந்தார். "சரி, இனி ஒருத்தரும் ஒருத்தரையும் பேசவேண்டாம். கதையுங்கோ."

அன்ரி எழும்பி, ஆறிப்போன கோப்பையை எடுத்துக்கொண்டு போய், அவளுக்குப் புதுத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார்.

ஷிவானி கதைத்தாள். அவளுடைய கணவன் செந்தில்நாதனுக்கும் விட்பியில் இரவு வேலை, ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில். மூன்று பஸ் மாறுகிறான். கடைசிப் பஸ்ஸுக்குப் பிறகு நடைபாதை இல்லாத ரோட்டில், லொறிகளுக்குப் பக்கத்தில் நடக்கிறான்.

"ஒரு நாள் அப்படி நடந்துட்டு இருந்தப்ப உங்க வண்டி தாண்டிப் போச்சாங்க. திரும்பிப் பாக்காமலே தெரிஞ்சுதாம், நம்ம தெரு வண்டின்னு. காலையில உங்க சத்தம் கேட்டதும் நான் எழுந்திருச்சுருவேன். அவரு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் ஜன்னல்லதான் நிப்பேன். அவரை நீங்க கூட்டிட்டுப் போவீங்களான்னு கேக்கத்தான்... பெட்ரோல்ல பாதி குடுத்துருவோம்."

ஒருவனை ஏற்றுவதென்றால் ஒவ்வொரு இரவும் போகவேண்டும். இரண்டு பேருடைய வேலை அந்தக் காரில் தொங்கும். விடப்போகிறவன் செய்கிற காரியமல்ல. ஆனால் பாதிப் பெற்றோல் என்றால் மிச்சமாகிற காசில் புகைக்குழாயைத் திருத்திவிடலாம், அதையும் யோசித்தேன்.

"ஓம்" என்றேன். "அவரை இண்டைக்கு வேலைக்கு வெளிக்கிட்டு வரச் சொல்லுங்கோ."

மரியோவுக்கு ஆங்கிலத்தில் சொல்லப்பட்டது. நல்லது என்றான். ஆனால் திருத்தும்வரை இந்தக் கார் இந்தத் தெருவுக்குள் விடியற்காலையில் வரக்கூடாது, அதில் மாற்றமில்லை என்றான். முதன்மைச் சாலையில் இருக்கிற பிளாசாவின் பின்பக்கம் விடலாம் என்றேன். அங்கிருந்து பத்து நிமிட நடை. அன்ரி அங்குள்ள தமிழ்க் கடைக்காரனைத் தனக்குத் தெரியும் என்றும், காரை இழுத்துக்கொண்டு போகவிடாமல் தான் சொல்லிவைப்பதாகவும் சொன்னார். அங்கிள் தனக்குத் தெரிந்த கராஜ்காரனை அழைத்தார். பாவித்த பாகம் ஒன்று கிடைக்கும், புதன்கிழமை கொண்டுவரச் சொன்னான்.

நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன். "அன்ரி, நான் இடம் பாக்கவோ?"

அவர் எனக்குப் பதில் சொல்லாமல் மரியோவைப் பார்த்தார். மரியோ கைத்தொலைபேசியை எடுத்து அங்கேயே மாநகரசபைக்கு அழைத்தான். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தான். காத்திருக்கச் சொல்லும் இசை நெடுநேரம் ஓடியது. அந்த இடைவெளியில் ரோல்ஸ் தட்டு வெறுமையானது. கடைசியில் ஒரு பெண் வந்தாள். நானும் அயலவரும் கதைத்துத் தீர்த்துவிட்டோம், யாரையும் அனுப்பவேண்டாம் என்றான் மரியோ. குறித்துக்கொள்வதாகவும், மறுபடி முறைப்பாடு வந்தால்தான் ஆள் வரும் என்றும் அவள் சொன்னாள்.

"மறுபடி என்றால் மறுபடியும் நான்தான்" என்றான் மரியோ என்னிடம். பகிடியாகச் சொன்னானா தெரியவில்லை. பாதி பகிடி.

வேரோனிக்கா இப்போது விழித்திருக்கிறாள், இப்போதே காரை எடு என்றான். எடுத்தேன். தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிளாசாவில் விட்டுவிட்டு நடந்து வந்தேன். வருகிற வழியில் யார் யார் வீட்டில் என்ன மரம் நிற்கிறது என்று முதல் தடவையாகக் கண்டேன். அதனால் என்ன ஆயிற்று என்றால் ஒன்றுமில்லை.

கோடை வெளிச்சம் இன்னும் மிச்சமிருக்கும்போதே செந்தில்நாதன் பக்கக் கதவுப்பக்கம் வந்து நின்றான். கையில் சாப்பாட்டுப் பை. வணக்கம் அண்ணா என்றான். என்னைவிட மூத்தவன். அண்ணா வேண்டாம், மிதுனன் என்றேன்.

அன்ரி மேலே சமையலறையிலிருந்து இறங்கி வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"திறப்பு வைச்சிருக்கிறியோ?"

"ஓம்."

"நான் விடிய எழும்பமாட்டன். நீயே திறந்து வா. வந்து நேர படுக்காமல் ஏதும் சாப்பிடு."

"சரி அன்ரி. போட்டு வாறன்."

நாங்கள் இருவரும் வாசல்படியிறங்கிப் பிளாசாப் பக்கம் நடந்தோம். எனக்குப் பின்னால் அன்ரி கதவைச் சாத்திப் பூட்டினார்.