மூலைமட்டம்

"பாட்டா இது, மாவு மில்லா? கார்ல போட்டா கதவு நடுங்குதும்மா. இன்னொரு தடவை அனுப்பு. அதுவும் இப்படியே இருந்தா மன்னிச்சிடு. நல்ல ஸ்டூடியோவுல வச்சுப் பண்ணக்கூடாதா?"

இசையமைப்பாளர் போனை வைத்துவிட்டார். வசதியாக இருக்கிறவர் பேச்சு அப்படித்தான் இருக்கும். ஆனால் அவளை நம்பி ஒரு படத்தின் பாட்டுகளை மிக்ஸிங்குக்குக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

மாடியறை ஸ்டூடியோவின் நடுவே அவள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால் பேஸ், அந்த அடிநாத அதிர்வு, போதவே இல்லை. போதவில்லை என்றுதான் கூட்டினாள். கூட்டியது வெளியே போய் இடியாய் இடித்தது.

சுவரெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டினாள். கீச்சொலி அடங்கியது, இடி அசைந்து கொடுக்கவில்லை. வீட்டு மெத்தைகளைச் சுருட்டி மூலைகளில் நிறுத்தினாள்.

"நாங்க எதுலடி படுக்கிறது, உன் பாட்டு மேலயா?" என்றாள் அம்மா.

ஏதோ அடங்கிய மாதிரி இருந்தது. பாட்டை மறுபடி மிக்ஸ் பண்ணி அனுப்பிவிட்டாள்.

இருப்புக்கொள்ளாமல் பாட்டை ஓடவிட்டு அறைக்குள் நடந்தாள். சுவரோரம் பேஸ் நெஞ்சில் மோதியது. நாற்காலிக்கு வந்தால் துடைத்துவிட்டதுபோல் ஒன்றுமில்லை. அப்போதுதான் உறைத்தது. அறையின் நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒரே அளவு. எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பும் பேஸ் அலைகள், நட்டநடுவில், சரியாக அவள் காதடியில், ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ஒரு சுவராவது கோணலாக இருந்தால் கொஞ்சம் சிதறியிருக்கும். நாற்காலியை முன்னே இழுத்தாள், பின்னே தள்ளினாள். ஓரிடத்தில் பட்டினி, அடுத்த இடத்தில் அஜீரணம். உள்ளதை உள்ளபடி கேட்க அங்கே ஓரடி இடம்கூட இல்லை.

அறையைக் கட்டியது அப்பா. கொத்தனார். அடுத்தவர் வீட்டு வேலை முடிந்து வந்து, மகளுக்காக மாடியில் தன் கையாலேயே எழுப்பியது. "ஒரு மூலை கோணல்னு சொல்லு, கொத்துக்கரண்டியைத் தூக்கிப் போட்டுடறேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சவால் விடுவார்.

போன் மினுங்கியது. இசையமைப்பாளர் பாட்டுகளை வேறொருவரிடம் கொடுத்துவிட்டாராம்.

"ஏம்மா மூஞ்சி இப்படி இருக்கு?" வாசலில் அப்பா.

"ரூம்தான்ப்பா தப்பு."

அவர் கீழே போய், மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கும் மூலைமட்டத்தோடு வந்தார். மெத்தைகளை விலக்கி, ஒவ்வொரு மூலையிலும் வைத்துப் பார்த்தார்.

"இங்க சரியா இருக்கு... இங்கயும் சரியாத்தானே இருக்கு?" கடைசி மூலையில் மண்டியிட்டபடி நிமிர்ந்தார். "எங்கம்மா கோணல்? சொல்லு, இடிச்சுக் கட்டித் தரேன்."

"கோணலே இல்லப்பா. அதான்."

அவருக்குப் புரியவில்லை. எழுந்து போய், முதல் மூலையில் மறுபடியும் மட்டத்தை வைத்தார்.