டெய்சி நிற்கும் இடம்

சாமைக் கட்டுகளை முதுகின் இரண்டு பக்கமும் சுமந்துகொண்டு ஒழுங்காக நடந்துவந்த டெய்சி, பாதை வளைந்து பள்ளத்தாக்கு முழுசாகத் தெரிகிற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. மனுவேல் கயிற்றை இழுத்தான். கழுத்தைத் தட்டிக் கொடுத்தான். பின்னால் போய்த் தள்ளியும் பார்த்தான். குதிரை அசைவதாக இல்லை. கழுத்தை லேசாக இடப்பக்கம் திருப்பி, காதுகளை நிமிர்த்தி, மொத்தப் பள்ளத்தாக்கையும் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி அடக்கமாக நின்றது. விஷயம் புரிந்தபோது மனுவேலுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டெய்சி போட்டோவுக்கு நிற்கிறது.

யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஏற்காடு ஏரியைச் சுற்றி வருகிற சவாரியில் ஒரு வளைவு உண்டு. அங்கே ரோட்டோரச் சுவரில் சாய்ந்துகொண்டு போட்டோகிராபர் சேகர் காத்திருப்பான். பின்னால் தண்ணீர், அதன் முன்னால் குதிரை, குதிரைமேல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு குழந்தை. கேமரா 'க்ளிக்' என்றதும் சவாரி தொடரும். இப்படியே வருஷக்கணக்காகப் போனதில், வளைவும் அதற்குப் பின்னால் வெட்டவெளியும் எங்கே சேர்ந்து வந்தாலும் நிற்க வேண்டும், அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் நடக்க வேண்டும் என்று டெய்சி தானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தது. அது நினைத்ததில் தப்பில்லை. வந்து சேர்ந்த இடம்தான் தப்பு. மனுவேல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு நாக்கை மேலண்ணத்தில் வைத்து ஒரு சொடுக்குச் சொடுக்கினான். டெய்சி சமர்த்தாக நடந்தது.

எங்கோ குவைத்தில் சண்டை பிடித்துக்கொண்ட வருஷம் அது. அந்தச் சண்டைக்கும் ஏற்காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று டீக்கடையில் பேசிச் சிரித்தவர்கள், பெட்ரோல் விலை ஏறியதும் சிரிப்பதை நிறுத்தினார்கள். பெங்களூர்க் கார்கள் வரவில்லை. ஆயுத பூஜை லீவுக்கு எப்போதும் ஊர் நடுவே ஒண்டிக்கடை முக்கில் நிற்க இடமிருக்காது. அந்த வருஷம் நாய்கள் நடு ரோட்டில் படுத்துத் தூங்கின. மலைமேல் யாரும் கஷ்டம் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே ஆளுக்கொரு வழி பார்த்துக்கொண்டார்கள். ஒரு லாட்ஜ் முதலாளி மாடி அறைகளில் கட்டிலை ஓரங்கட்டிவிட்டு மிளகு காயப் போட்டார். ஏரியில் படகு ஓட்டுகிற ஸ்தனிஸ்லாஸ் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போனார். லாட்ஜில் படுக்கை விரிப்புகள் துவைத்துக்கொண்டிருந்த மனுவேலின் மனைவி ஜெயமேரி, படுக்க ஆளில்லாததால் பள்ளிக்கூட ஹாஸ்டலுக்குக் காய் நறுக்கப் போனாள். சேகர்தான் பாவம். உயிரோடு இருக்கிறவர்கள் யாரும் போட்டோ எடுத்துக்கொள்ள வராததால், சாவு வீடுகளில் போய் எடுத்துப் பார்த்தான். மலைக்காற்றில் அதற்கும் போதுமான ஆட்கள் இல்லை. கடைசியில் கேமராவைச் சேலத்தில் விற்றுவிட்டு, திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு பஸ் ஏறினான்.

மனுஷன் கஞ்சியில் தண்ணீரைக் கூட்டிக்கொள்ளலாம். குதிரையின் கொள்ளில் எதைக் கூட்டுவது? டெய்சிக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அந்த நேரத்தில்தான் சேலத்துக் காளியண்ணன் வந்தார். கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை வாடகைக்கு விடுகிறவர். கெட்ட மனிதர் இல்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார்.

"வெடிச் சத்தத்துக்கும் பேண்டுக்கும் பழகோணுமுங்க. நாலு அடி போட்டா பழகிக்கும். தை பொறந்தா முகூர்த்தம், அதுக்குள்ள ஒரு முடிவு சொல்லிப்போடுங்க" என்றார்.

அந்த நாலு அடி மனுவேலின் முதுகிலேயே விழுந்த மாதிரி இருந்தது. டெய்சியைக் குட்டியாக வாங்கி வந்த நாளிலிருந்து ஒரு குச்சியைக்கூட அதன்மேல் ஓங்கியதில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்ல வாய் வரவில்லை. பட்டினி போட்டு வைத்திருப்பது மட்டும் என்ன பாசம்?

ஏரிக்கரையில் அவன் குதிரை நிறுத்துகிற இடத்துக்கு இரண்டடி தள்ளி, கொய்யாக் கூடையோடு உட்கார்ந்திருக்கிற அத்தாயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளக்கடையைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கிற ஊர் அவளுக்கு. புருஷன் வெள்ளையனுக்குச் சாமைக்காடும் பத்துப் பதினைந்து கொய்யா மரங்களும் உண்டு. காளியண்ணன் பஸ் ஏறியபிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, இது சுமை சுமக்குமுங்களா?"

"குழந்தைங்க ஏறற குதிரைங்க அக்கா இது."

"சாமைக்கட்டு குழந்தைய விட நொம்ப கனமெல்லாம் இருக்காதுங்க. அறுத்துப் போட்டது காட்டுல கெடக்குது. எங்கூட்டுக்காரருக்கு முழங்காலு வீங்கிப்போச்சு. களத்துல கொண்டாந்து சேத்திக் குடுத்தீங்கன்னா, கொள்ளு தாரோம், தாளு தாரோம். யோசனை பண்ணிச் சொல்லுங்க."

அன்று ராத்திரி மனுவேலுக்குச் சோறு இறங்கவில்லை. வெல்வெட் துணியும் ஜரிகையும் போட்டு, கழுத்தில் மணி கட்டி, டெல்லிக்காரர் குழந்தையையும் கல்கத்தாக்காரர் குழந்தையையும் சுமந்த குதிரை. அதன் மேல் சாமைக் கட்டா? ஜெயமேரி அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க, வெக்கம் டெய்சிக்கா, உங்களுக்கா?"

"அதுக்கென்ன தெரியும்?"

"அப்பறம் என்னங்க. தெரிஞ்சவரு கொஞ்சம் பொறுத்துக்கோங்க. தெரியாதது வயிறாரத் திங்கட்டும்."

விடிந்ததும் மனுவேல் வெல்வெட்டையும் மணியையும் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். யார் கண்ணிலும் படக்கூடாது என்று ஒண்டிக்கடை வழியை விட்டுவிட்டு, மாதா கோவிலுக்குப் பின்பக்கச் சந்தில் குதிரையைக் கூட்டிக்கொண்டு போனான். எதிரே வந்தது கோவில் கணக்குப்பிள்ளை. "என்ன மனுவேலு, டெய்சி பாவசங்கீர்த்தனத்துக்கா?" என்றார். ஊர் முழுக்கச் செய்தி போக அது போதும்.

காட்டிலிருந்து களத்துக்கு வருகிற பாதையில் வளைவுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொன்றிலும் டெய்சி நின்றது. மனுவேல் ஒவ்வொன்றிலும் நாக்கைச் சொடுக்கினான். நாலைந்து நாளில் நாக்கு வலிக்க ஆரம்பித்தது. ஆனால் குதிரை பாதையோரப் புல்லையும், களத்தில் புதுச் சாமைத் தாளையும் தின்று தெளிந்துவந்தது. சாயங்காலம் ஒரு முறம் கொள்ளை அத்தாயி கோணியில் கொட்டிக் கொடுப்பாள். கொட்டியபிறகு, பறவைக்குப் போடுவதுபோல இன்னும் இரண்டு கை அள்ளிப் போடுவாள். அந்த மேல் கைதான் மனுவேலை ஏதோ செய்தது. கூலிக்குள் சேராத கை அது.

ஒருநாள் டெய்சி வழக்கம்போல ஒரு வளைவில் போட்டோவுக்கு நின்றுகொண்டிருக்க, வேறு யாருடைய காட்டிலிருந்தோ பெரிய பெரிய கட்டுகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஆட்கள் வரிசையாக அவர்களைத் தாண்டிப் போனார்கள். ஒவ்வொரு தலையிலும் டெய்சி சுமக்கிற அளவுக்கு இருந்தது. நடையும் டெய்சியைவிட வேகம். மனுவேலுக்கு என்னவோ உறைத்தது. களத்தில் வெள்ளையனின் பங்காளி சித்தன் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தான். வெள்ளையன் காட்டுக்கும் இப்படி ஆட்கள் வர மாட்டார்களா என்று அவனிடம் கேட்டான்.

"எங்கூருல ஒருத்தரு காட்டுக்கு எல்லாரும் போவோமுங்க. காலு முடியாத ஊடுன்னா மொதல்ல போவோம். வெள்ளையன் காட்டுச் சாமை எங்களுக்கு ஒரு பொழுது வேலை" என்றான் சித்தன். "இந்த வருசம் அத்தாயி வேண்டாம்னு சொல்லிப்போட்டா. குதிரை வருது, அது கொண்டாரட்டும்னா."

மனுவேலுக்கு முதலில் வந்தது கோபம்தான். பிச்சை போடுகிறார்கள் என்ற கோபம். விறுவிறுவென்று வெள்ளையன் வீட்டுக்குப் போனான். அத்தாயி வாசலில் அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க அக்கா, நாங்க வராட்டியும் உங்க சாமை களத்துக்கு வந்திருக்குமுங்களா?"

அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி உரிக்க ஆரம்பித்தாள். "வந்திருக்கும். அதுக்கென்ன இப்ப?"

"அப்பறம் எதுக்குங்க இதெல்லாம்?"

"சவாரி முடிஞ்சு எறங்கற கொழந்தைகிட்ட எல்லாம் நீங்க என்ன சொல்லுவீங்க? குதிரைக்கு ஒரு கொய்யாப்பழம் வாங்கிக் குடு கண்ணுன்னு சொல்லுவீங்க. சொல்லுவீங்களா இல்லியா? நீங்க சொல்லலீன்னா எங் கொய்யாவ யாரு சீந்துவா? பெங்களூருக்காரங்க காருல ஆப்பிளு வெச்சிருக்காங்க. இத்தன வருசமா எம் பழத்த வித்துக் குடுத்தது அந்த வாயில்லாச் சீவன். இந்த ஊட்டுக் கூரைக்கு ஓடு போட்டது அதுலதானுங்க. அது எலும்பாகி எவங்கிட்டயோ அடிவாங்கப் போறதப் பாத்துக்கிட்டு நானு பழம் விக்கோணுமா?"

குழந்தைகளிடம் அப்படிச் சொல்வது மனுவேலுக்கு ஒரு வாய்ப் பழக்கம். டெய்சிக்குக் காசில்லாமல் ஒரு பழம் கிடைக்குமே என்று சொன்னதுதான். அந்தப் பழக்கம் ஒரு வீட்டுக்குக் கூரையாகிக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது. வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. கும்பிட வேண்டும்போல இருந்தது. கும்பிட்டால் அத்தாயி சிரித்துவிடுவாள். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து அவனும் அவரைக்கொட்டை உரித்தான். அன்று சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் அவன் சாப்பிட்ட மாதிரி அந்த வீட்டில் விருந்தாளி யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். வீட்டில் ராத்திரி ஜெபம் சொல்லும்போது ஜெயமேரி அத்தாயி பெயரையும் வெள்ளையன் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். மாதாவுக்கு இந்தப் பெயர்கள் புதுசாக இருந்திருக்கும். ஆனால் தினமும் கேட்டுப் பழகியிருப்பாள்.

சாமை முடிந்ததும் மிளகு வந்தது, பிறகு காப்பி. ஜீப் போகாத ஊர்களுக்கு ரேஷன் அரிசி மூட்டை ஏற்றவும் டெய்சியைக் கேட்டு ஆள் வந்தார்கள். மனுவேல் இப்போதெல்லாம் ஒண்டிக்கடை நடுவிலேயே கூட்டிக்கொண்டு போனான். பெட்டியைத் திறந்து மணியையும் கட்டிவிட்டான். தை பிறந்து காளியண்ணன் வந்தபோது, குதிரை மினுமினுவென்று இருப்பதைப் பார்த்து விலையைக் கூட்டிச் சொன்னார். மனுவேல் டீ வாங்கிக் கொடுத்து, "இவள நம்பி ஒரு ஊரே இருக்குதுங்க, மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லி பஸ் ஏற்றி அனுப்பினான்.

சண்டை ஒருவழியாக நின்றது. பங்குனி வெயில் சேலத்தை வறுக்க ஆரம்பித்த ஒரு காலையில், ஏரிக்கரையில் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. ஸ்தனிஸ்லாஸ் படகுத் துடுப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தார். கர்நாடகப் பதிவு. அப்பா, அம்மா, ரிப்பன் வைத்த ஒரு சின்னப் பெண். டெய்சியின் முதுகில் மறுபடி வெல்வெட் ஏறியிருந்தது. அப்பாக்காரர் நேராக அதனிடம் வந்து, "ரவுண்டு போக எவ்வளவு?" என்றார்.

எத்தனை மாதமாகக் காது ஏங்கிய கேள்வி. மனுவேல் அவரைக் கும்பிட்டான். "செத்த இருங்க சார். ஒரே ஒரு சுத்து போயிட்டு வந்தர்றேன். அடுத்தது பாப்பாதான்." திரும்பி, கொய்யாக் கூடையின் முன் உட்கார்ந்திருந்தவளிடம் சொன்னான்: "ஏறுங்க அக்கா."

அத்தாயி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "கூறு கெட்டுப்போச்சுங்களா உங்களுக்கு? காசு குடுக்கறவங்க நிக்கறாங்க."

"மொத சவாரி உங்களுக்குத்தான்னு இவகிட்டச் சொல்லிப்போட்டேனுங்க. என்னையப் பொய்யனாக்கிப்போடாதீங்க."

அவள் கார்க்காரர்களைப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள். ரிப்பன் பெண் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பழங்களை எண்ணத் தொடங்கியிருந்தது. அதன் அம்மா சிரித்துக்கொண்டே கையால் 'போங்கள்' என்று காட்டினாள். அத்தாயி மதில்மேல் கால் வைத்து, ஸ்தனிஸ்லாஸின் தோளைப் பிடித்து, ஒருவழியாகப் பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஒரு கை சேணத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. டெய்சி மணி குலுங்க நடந்தது.

வருஷக்கணக்காக ஏரியின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தவள் ஒரு தடவைகூட அதைச் சுற்றி வந்ததில்லை. பாதி தூரம் போனதும் கையின் இறுக்கம் தளர்ந்தது. அக்கரையைப் பார்த்தாள்.

"அதா தெரியுதே, அது எங் கூடைங்களா?"

"அதேதானுங்க."

"இங்கிருந்து பாத்தா இத்தனூண்டா தெரியறோம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாத்தான் இருக்குது" என்றும் சொன்னாள்.

அந்த வளைவு வந்தது. டெய்சி நின்றது. கழுத்தை இடப்பக்கம் திருப்பி, காதை நிமிர்த்திக்கொண்டது. ரோட்டோரச் சுவரில் சாய்ந்து நிற்க யாரும் இல்லை. சேகரின் முதுகு உராய்ந்து பாசி படியாமலிருந்த இடத்தில் இப்போது புதுப் பாசி பச்சையாக ஏறியிருந்தது.

"என்னுங்க, நின்னுப்போச்சு?"

"போட்டோ எடுக்கற இடமுங்க."

"எடுக்கற தம்பிதான் ஊருலயே இல்லியே."

"அது இவளுக்குத் தெரியாதுங்களே."

அத்தாயி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். காதோரம் கலைந்த முடியை ஒதுக்கினாள். சேலையைத் தோளில் இழுத்துச் சரிசெய்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, காலியாக இருந்த அந்தச் சுவரை நேராகப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் ஏரியில் வெயில் விரிந்து கிடந்தது.

மனுவேல் நாக்கை மேலண்ணத்தில் வைத்தான். அக்கரையில் கார்க்காரர் ஹாரன் அடித்தார். அவன் நாக்கைச் சொடுக்காமல் அப்படியே வைத்திருந்தான். டெய்சி அசையாமல் நின்றது.