பை இல்லாமல் ஊசி இல்லை

அவளுக்கு ஆமை என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்று அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் வாசலில் டோக்கன் கொடுப்பவருக்குக்கூடத் தெரியும். வலிப்புக்குப் போடும் மயக்க ஊசியை மற்ற நர்ஸ்கள் கண்மூடித் திறப்பதற்குள் போட்டு முடிப்பார்கள். இவளோ ஃபிரிட்ஜைத் திறந்து, மருந்தை எடுத்து, சம அளவு சலைன் கலந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முழுசாக இரண்டு நிமிடம் எடுத்துத் துளித்துளியாக உள்ளே விடுவாள். அதற்கும் முன்னால் ஒரு சடங்கு உண்டு. மூச்சு நின்றால் கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும், முனையில் மாஸ்க் வைத்த ரப்பர் பையை உறை பிரித்து நோயாளியின் தலைமாட்டில் வைப்பாள். பை வராமல் ஊசி நுனி நரம்பைத் தொடாது. கடவுளே வந்து அவசரப்படுத்தினாலும் அவரை வரிசையில் நிற்கச் சொல்வாள்.

"அக்கா, நீங்க மருந்து போட்டு முடிக்கறதுக்குள்ள பேஷண்டுக்கே அலுத்துப்போய் வலிப்பு நின்னுடும்" என்று கேலி செய்வார்கள். சிரித்துக்கொள்வாள். மாற்றிக்கொள்ள மாட்டாள்.

பட்டவளுக்குத்தானே தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், வேறொரு ஆஸ்பத்திரியில், "தள்ளு, தள்ளு" என்று யாரோ பின்னால் நின்று கத்த, இதே மருந்தை ஒரு அம்மாளுக்கு ஒரே தள்ளாகத் தள்ளியது இவள் கைதான். வலிப்பு நின்றது. கூடவே மூச்சும் நின்றது. பை பூட்டிய அலமாரியில் இருந்தது, அலமாரிச் சாவி டீ குடிக்கப் போயிருந்தது. அந்த அம்மாள் எப்படியோ பிழைத்துக்கொண்டார். ஆனால் சாவி வரும்வரையிலான அந்த மூன்று நிமிடத்தில் நீலமாகிக்கொண்டே போன உதடு இவளை விட்டு இன்னும் போகவில்லை. இப்போது மயக்க மருந்து இருக்கும் ஃபிரிட்ஜின் சாவி இவள் பாக்கெட்டில். பை இவள் கக்கத்தில்.

அன்றைக்கு மதியம் ஒரு பெயிண்டரைக் கொண்டு வந்தார்கள். முப்பது வயதிருக்கும். ஏதோ மாடிக்கட்டிடத்தில் கேட்டுக்குக் கருநீலப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டானாம். பழைய வலிப்புக்காரன். கூட வந்த அவன் அக்கா, மூன்று நாளாக அவன் மாத்திரையைத் தொடவில்லை என்று அழுதுகொண்டே சொன்னாள். வழியில் வாந்தியும் எடுத்திருந்தான். ஆமை வழக்கம்போல் பையைப் பிரித்தாள், கலந்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், போட்டாள். துடித்த கைகால்கள் அடங்கின. காதுமடலில் ஆக்ஸிஜன் கிளிப்பை மாட்டினாள். தொண்ணூற்றேழு காட்டியது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டு, பக்கத்திலிருந்த கண்காணிப்பு அறைக்கு அனுப்பிவிட்டு அடுத்த கேஸுக்குப் போனாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து இன்டர்காம் அலறியது. மேனேஜர். இவர் முன்பு ஒரு பெரிய ஓட்டலை நடத்தியவர். சத்தம் போடுகிறவரை அங்கே வெளியே அனுப்ப வேண்டும், இங்கே தூங்க வைக்க வேண்டும். இரண்டு தொழிலுக்கும் அவர் கண்ட வித்தியாசம் அவ்வளவுதான்.

"சிஸ்டர், உங்க பெயிண்டர் ஆஸ்பத்திரியையே இடிக்கிறான். தரச்சான்றிதழ் குடுக்கிற டீம் கீழ வந்தாச்சு. இன்னும் கால் மணி நேரத்துல இந்த மாடிக்கு வந்துடுவாங்க. இன்னொரு ஊசியைப் போட்டு அமுக்குங்க."

பையையும் எடுத்துக்கொண்டு போனாள்.

கண்காணிப்பு அறையில் இரண்டு ஆயாக்கள் பெயிண்டரின் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் அக்கா ஒரு கையைப் பிடித்திருந்தாள். மாஸ்க் தரையில் கிடந்தது. "ஜன்னலைத் திறங்கடா! டேய், ஜன்னலைத் திறங்கடா!" என்று அவன் கத்திக்கொண்டிருந்தான். ஏசி அறை. ஜன்னல் கண்ணாடியைத் திறக்கவே முடியாதபடி அடைத்திருந்தார்கள். அதற்கு மேலே "அமைதி காக்கவும்" என்று ஒரு போர்டு.

"எங்க போனாலும் மொதல்ல ஜன்னலைத்தான் திறப்பான் சிஸ்டர்" என்றாள் அக்கா. "பெயிண்ட் நெடிக்குப் பழகின பழக்கம். தெளியாம ஒளர்றான்."

சின்ன நர்ஸ் பதற்றத்தோடு ஓடி வந்தாள். "அக்கா, ஆக்ஸிஜன் மெஷின் வேற சும்மா கத்துது. எண்பத்து நாலு காட்டுது. விரல் பூரா பெயிண்ட் அக்கா, அதான் தப்பாக் காட்டுது. இந்த ரூம்ல விரல் கிளிப் மட்டும்தான் இருக்கு."

டியூட்டி டாக்டரும் தலையாட்டினார். நல்ல மனிதர்தான். ஆனால் மேனேஜர் பக்கத்தில் இருந்தால் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். "நகத்துல கறுப்பா எது இருந்தாலும் அந்த மெஷின் தப்பாத்தான் காட்டும். வலிப்பு வந்தவங்க முழிக்கும்போது இப்படி முரண்டு பிடிக்கிறது சகஜம். அதே டோஸ் இன்னொண்ணு குடுத்துடுங்க சிஸ்டர்."

எல்லாம் சரியான பேச்சுதான். நகப்பூச்சு இருந்தால் மெஷின் தப்பாகக் காட்டும், உண்மை. வலிப்பு தெளிகிறவன் முரண்டு பிடிப்பான், அதுவும் உண்மை. ஜன்னல் திறப்பது அவன் பழக்கம், அதையும் யார் இல்லை என்றது? ஆளுக்கொரு உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் நிம்மதியாக நின்றார்கள். அவனைப் பார்க்கத்தான் ஆளில்லை.

ஆமை பார்த்தாள். மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. ஒவ்வொரு இழுப்புக்கும் விலா எலும்புகளுக்கு இடையில் சதை உள்ளே போனது. உதடு நீலம் பாய்ந்த சாம்பல் நிறம். இந்த நிறம் அவளுக்குத் தெரியும்.

"ஊசி எடுத்தாச்சா?" மேனேஜர் கதவில் தலையை நீட்டினார்.

"எடுக்கல. எடுக்கவும் மாட்டேன்."

"என்னது?"

"இவருக்கு மூச்சு முட்டுது சார். காத்து வேணும்னுதான் கத்துறாரு. இப்ப இந்த மருந்து உள்ள போனா இருக்கற மூச்சும் அடங்கிடும்."

"டாக்டரே சொல்றாரு, நீங்க யாரு மாட்டேன்னு சொல்ல? சாவி உங்க பாக்கெட்ல இருந்தா ஆஸ்பத்திரியே உங்களுதா?"

அவள் பெயிண்டரின் காலடிக்குப் போனாள். ஆயாவை நகர்த்தி, ஒரு காலிலிருந்த சாக்ஸை உருவினாள். நாள் முழுக்க ஷூவுக்குள் இருந்த கால். கட்டைவிரல் நகம் வெளுப்பாக, ஒரு பொட்டுப் பெயிண்ட் இல்லாமல் இருந்தது. விரலில் கிடந்த கிளிப்பைக் கழற்றி அங்கே மாட்டி, கால் அசையாதபடி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள்.

மெஷினில் கோடுகள் ஓடின. எண்பத்து ஒன்று.

"இதுக்கு என்ன சொல்றீங்க சார்? கால் நகத்துக்கும் பெயிண்ட் அடிச்சிருக்காரா?" தொண்டை கிழியக் கேட்டாள். நடைபாதையில் போனவர்கள்கூட நின்றுவிட்டார்கள். "தொண்ணூத்தஞ்சுக்கு மேல இருக்கணும். எண்பத்தொண்ணு!"

"சத்தம் போடாதீங்க சிஸ்டர், டீம் லிஃப்ட்ல ஏறியாச்சு!" மேனேஜர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

அவள் கேஸ் ஷீட்டையும் பேனாவையும் எடுத்து டாக்டர் முன்னால் நீட்டினாள். "ஊசி போடணும்னா இதுல எழுதுங்க சார். நேரம் போட்டு, ஆக்ஸிஜன் எண்பத்தொண்ணுன்னு எழுதி, அதுக்குக் கீழ மயக்க மருந்துன்னு எழுதி, கையெழுத்துப் போடுங்க. அப்புறம் இந்தப் பையைப் பிடிச்சிட்டு நீங்க தலைமாட்டுல நில்லுங்க. அப்பவும் நான் போட மாட்டேன். வேற யாராவது போடட்டும்."

டாக்டர் பேனாவைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். பேனாவை வாங்கவில்லை. கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு பெயிண்டரின் வலது விலாவில் வைத்தார். வைத்தவர் முகம் மாறியது.

"இந்தப் பக்கம் காத்தே போகல. கரகரங்குது. வாந்தி உள்ள போயிருக்கு. உக்கார வைங்க, சக்‌ஷன் எடுங்க, ஆக்ஸிஜனை முழுசாத் திறங்க. ஊசி வேணாம்."

அதற்குப் பிறகு யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நிமிர்த்தி உட்கார வைத்தார்கள், தொண்டையிலிருந்ததை உறிஞ்சி எடுத்தார்கள், பெரிய மாஸ்க்கைப் போட்டார்கள். அவன் அப்போதும் கத்தினான். "கத்துங்க தம்பி, நல்லாக் கத்துங்க" என்று ஆமை அவன் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். எண்பத்தைந்து. எண்பத்தெட்டு. அக்காக்காரி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்று மூன்றில் அவன் கத்தல் தானாக நின்றது. உடம்பு தளர்ந்து ஆமையின் தோளில் சாய்ந்தான்.

"ஜன்னலைத் திறந்துட்டீங்களா?"

"திறந்தாச்சு தம்பி."

அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக் கை ஒழியவில்லை.

டீம் வந்தபோது அறை நிசப்தமாக இருந்தது. கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் போர்டைப் படித்துவிட்டுத் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். "நல்ல அமைதியான சூழல்" என்றார். "அதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு மேடம்" என்றார் மேனேஜர், கொஞ்சமும் கூசாமல்.

நாலரை மணிக்கு அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு மெமோ தயாராக இருந்தது. மருத்துவரின் உத்தரவை மீறியது, மேலதிகாரி முன் குரலை உயர்த்தியது, பொது இடத்தில் நிர்வாகத்தை அவமதித்தது. டாக்டரும் ஒரு ஓரமாக நின்றார். பெயிண்டரை ஐசியூவில் சேர்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க. இல்லேன்னா நாளையிலேர்ந்து துணி ஸ்டோர். பெட்ஷீட் எண்ணிட்டு உக்காந்திருக்கலாம். அங்க யாரும் கத்த மாட்டாங்க."

இத்தனை வருஷமாக இந்த வேலைதான் அவளுக்கு எல்லாம். துணி மடிக்க அவள் நர்ஸிங் படிக்கவில்லை.

"எதுக்கு சார் மன்னிப்பு? அந்த ஊசியைப் போட்டிருந்தா, இந்நேரம் அவங்க அக்காகிட்ட நீங்க கேட்டிருக்கணும் மன்னிப்பு."

"உத்தரவு குடுத்தது நான். தப்பும் என்னோடது" என்றார் டாக்டர், தரையைப் பார்த்துக்கொண்டு. "மெமோன்னா எனக்கும் ஒண்ணு அடிங்க."

மேனேஜர் அவரைக் கண்ணாலேயே எரித்துவிட்டு இவள் பக்கம் கையை நீட்டினார். "சாவி."

சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். கக்கத்திலிருந்த பையை எடுத்து இன்னொரு கையில் திணித்தாள்.

"இது எதுக்கு?"

"சாவி யார்கிட்ட இருக்கோ, பையும் அவங்ககிட்டதான் இருக்கணும். பை இல்லாம ஊசி இல்ல சார். நீங்கதானே இனிமே பாத்துக்கப் போறீங்க?"

அவர் அதை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க. மாஸ்க்கோட குறுகலான பக்கம் மூக்குக்கு வரணும்."

அதற்கு அவர் வாயைத் திறப்பதற்குள் கதவு படாரென்று திறந்தது. சின்ன நர்ஸ். "அக்கா, வலிப்பு கேஸ்! ஸ்கூல் வேன் ஓட்டுறவராம். பத்து நிமிஷமா நிக்கல!"

ஆமை மேனேஜரின் உள்ளங்கையைக் காட்டினாள். "சாவி சார்கிட்ட இருக்கும்மா" என்றாள்.

மூன்று பேரும் மேனேஜரைப் பார்த்தார்கள். ஓட்டலில் இதற்கு என்ன செய்வார்களோ தெரியாது. அவர் கை தானாக நீண்டது. நீண்ட கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவள் ஓடினாள். ஆமை ஓடி அன்றைக்குத்தான் அந்த ஆஸ்பத்திரி பார்த்தது. மெமோ காற்றில் பறந்து மேஜைக்கு அடியில் விழுந்தது.

ஃபிரிட்ஜைத் திறந்து, மருந்தை எடுத்து, டாக்டரிடம் காட்டி, சலைன் கலந்து முடித்தபோதுதான் கக்கம் காலியாக இருப்பது உறைத்தது. கட்டிலில் வேன் டிரைவர் துடித்துக்கொண்டிருந்தார்.

"பை எங்க?"

வாசலில் மேனேஜர் மூச்சிரைக்க நின்றார். கீழே வைக்கத் தோன்றாமல் அதை மார்போடு அணைத்துக்கொண்டே பின்னால் ஓடி வந்திருந்தார்.

"தலைமாட்டுக்கு வாங்க சார். டாக்டர் கேட்டதும் குடுக்கணும். அதுவரைக்கும் அங்கயே நில்லுங்க."

அவர் வந்து நின்றார். குறுகலான பக்கம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். அவள் ஊசியை டிரைவரின் கையில் செருகியிருந்த நரம்புக் குழாயில் பொருத்தி, சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, முதல் துளியை உள்ளே விட்டாள்.

"சீக்கிரம் போடுங்க சிஸ்டர்" என்று அவர் வாய் முணுமுணுத்தது.

"ரெண்டு நிமிஷம் ஆகும்" என்றாள் அவள், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அமைதியா இருங்க சார்."