எழுதியாக வேண்டிய டாக்டர்

தெற்கு ஆஸ்திரேலியாவின் எல்லையோர ஊரான யம்பாராவில் ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபம் என்றால் அது முதலில் சாலையில்தான் தெரியவரும். எதிரே வண்டி வந்தால், ஸ்டீயரிங்கைப் பிடித்த கையை எடுக்காமலே ஆள்காட்டி விரலை மட்டும் ஓர் அங்குலம் தூக்க வேண்டும். அவ்வளவுதான் மரியாதை. பாதிரியாருக்கும் அதே விரல்தான், பரம விரோதிக்கும் அதே விரல்தான். தூக்காமல் போனால் கன்னத்தில் அறைந்த மாதிரி.

அப்படியிருக்க, எழுபத்தெட்டு வயது வெர்ன் ஷிர்மர் விரல் தூக்குவதை நிறுத்திவிட்டார். ஊருக்குக் காரணம் தெரியும் என்று ஊர் நினைத்தது. போன வருஷம் யம்பாரா புட்பால் கிளப்பை எல்லைக்கு அந்தப் பக்கம் விக்டோரியாவில் இருக்கும் டெர்ரிக் கிளப்போடு சேர்த்துவிட்டார்கள். நூற்றுப்பத்து வருஷப் பகையாளியோடு ஒரே சட்டையா என்று வெர்ன் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினார், தோற்றார். அன்றிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறார், கிடக்கட்டும் கிழவர் என்று ஊரும் அவருக்கு விரல் தூக்குவதை விட்டுவிட்டது. டாக்டர் ரூத் ஆல்ட்ரிட்ஜும் விட்டுவிட்டாள். கிளப் சேருவதற்குக் கை தூக்கியவர்களில் அவளும் ஒருத்தி. அடிலெய்டிலிருந்து வந்து பதினோரு வருஷமாகிறது, ஊரின் கோபதாபங்களெல்லாம் அவளுக்கும் நன்றாகவே தொற்றியிருந்தன.

ஏப்ரலில் ஒரு காலை வெர்ன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். முள்கம்பி கிழித்திருந்தது. மனைவி கிளெனிஸ் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். ரூத் ஆறு தையல் போட்டாள். போட்டு முடித்து, கட்டை நனைக்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறையை அவர் முன்னால் நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. இங்கேயுமா சண்டை என்று ரூத்துக்கு ஒரு கணம் சுருக்கென்றது. அப்புறம்தான் கவனித்தாள், மனிதருக்கு உறை அங்கே இருப்பதே தெரியவில்லை.

சுவரில் இருந்த எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னாள். ஐந்து வரியையும் மளமளவென்று ஒப்பித்தார். ரூத் மேஜை இழுப்பறையிலிருந்து வேறொரு அட்டையை எடுத்து அதன்மேல் மாட்டினாள். மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்துவிட்டுப் போனது, பிரிக்காமல் கிடந்தது. வெர்ன் கண்ணைச் சுருக்கினார், கழுத்தை நீட்டினார், முதல் எழுத்தைச் சொன்னார். இரண்டாவது வரியில் நின்றுவிட்டார்.

"பதினோரு வருஷமா அதே அட்டைய மாட்டி வெச்சிருந்தா எவனுக்குத்தான் மனப்பாடம் ஆகாது?" என்றார், பழி அவள் மேல் என்கிற மாதிரி.

விளக்கை அடித்துப் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் புரை, பால் மாதிரி முற்றிப்போயிருந்தது. எப்படி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டாள். இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறாராம். எல்லா ரோடும் பழகின ரோடுதானாம். எதிரே வருகிற வண்டி புகை மாதிரி வந்து புகை மாதிரி போகுமாம்.

"அப்ப உள்ள இருக்கறவங்க?"

"ஆளெல்லாம் எங்க தெரியுது? தெரியாததும் நல்லதுதான். ஒருத்தனும் எனக்கு விரல் தூக்கறதில்லன்னு கிளெனிஸ் சொன்னா. கிளப் விஷயத்துல எதிர்த்துப் பேசினேன்ல, ஊரே என்னை ஒதுக்கிடுச்சு."

ஒரு வருஷம், ஒரு ஊர் முழுக்க, கண் தெரியாத மனிதரோடு சண்டை போட்டிருக்கிறது. அவரும் தன் பங்குக்கு ஊரோடு சண்டை என்று நினைத்துத் தனியே கிடந்திருக்கிறார். நாங்கள் தூக்கிக்கொண்டுதான் இருந்தோம் வெர்ன், நீங்கள்தான் பதில் தூக்கவில்லை, அப்புறம்தான் விட்டோம் என்று சொன்னாள். அவர் நம்பச் சற்று நேரமாயிற்று. நம்பியதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அட முட்டாப் பசங்களா என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்போடு அவரை அனுப்ப முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் தெற்கு ஆஸ்திரேலியாவில் டாக்டராக இருப்பவள் அப்படி அனுப்ப முடியாது. வண்டி ஓட்டினால் பிறருக்கு ஆபத்து என்று ஒரு நோயாளியைப் பற்றித் தோன்றிவிட்டால், வாகனப் பதிவாளருக்கு எழுதியே ஆக வேண்டும். சட்டம் அப்படி. எழுதலாமா, வேண்டாமா என்று யோசிக்க இடமே கிடையாது. எழுதினதை அந்த நோயாளிக்குச் சொல்லவும் வேண்டும். இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி டெர்ரிக்கில் இருக்கிற டாக்டருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அது வேறு மாநிலம், வேறு சட்டம். அவர் எழுதினாலும் எழுதலாம், புத்தி சொல்லி அனுப்பினாலும் அனுப்பலாம். இது யம்பாராவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ரூத் சொன்னதைக் கேட்டதும் வெர்னின் முகம் செத்துவிட்டது. கெஞ்சவில்லை. செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் பதினான்கு வீட்டுக்கு அவர்தான் வண்டியில் மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார், அதில் பாதிப்பேர் அவரைவிட இளையவர்கள், அவர்கள் கதி என்ன என்று மட்டும் கேட்டார். பஸ் இல்லாத ஊர். வீடு மண்ரோட்டில் பதினெட்டு கிலோமீட்டர். கோதுமைக் குதிருக்குப் போவதென்றாலும், கல்லறைக்குப் போவதென்றாலும் வண்டி வேண்டும்.

"நீ கண்ணப் பாப்பேன்னு தெரிஞ்சிருந்தா டெர்ரிக்குக்கே போயிருப்பேன். உன் மேல இருந்த நம்பிக்கையில இங்க வந்தேன்."

"என் கைய சட்டம் கட்டிப்போட்டிருக்கு, வெர்ன்."

"கட்டியிருந்தா எப்படி எழுதுவே? நல்லாத்தான் எழுதறே."

அவள் எழுதியதை வரி விடாமல் படித்துக் காட்டினாள். அவர் கைகுலுக்காமல் எழுந்து போனார். வெளியே கிளெனிஸிடம் ரூத்தே விஷயத்தைச் சொன்னாள். இன்றிலிருந்து நீங்கள்தான் ஓட்டவேண்டும் என்றாள். கிளெனிஸ் வெர்னிடமிருந்து சாவியை வாங்கி உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, சரி கண்ணு, பார்த்துக்கறேன் என்று நூற்கண்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

செய்தி அவர்களுக்கு முன்னாலேயே ஊருக்குள் போய்விட்டது. ஒரு மாதத்தில் நாலு குடும்பம் தங்கள் மருத்துவக் காகிதங்களை டெர்ரிக்குக்கு அனுப்பச் சொல்லிவிட்டது. போனவர்கள் போகட்டும் என்று இருந்துவிடலாம். வந்தவர்கள்தான் ரூத்தைக் கவலைப்பட வைத்தார்கள். எதைக் கேட்டாலும் நல்லா இருக்கேன் என்றார்கள். தலைசுற்றல் உண்டா, இல்லை. மறதி உண்டா, இல்லவே இல்லை. ஒருவர் நெற்றியில் புடைப்போடு வந்து இருமலுக்கு மருந்து கேட்டார். அது எப்படி அடிபட்டது என்றதற்கு, அது பாட்டுக்குப் பட்டது என்றார். வரவேற்பு மேஜையில் இருக்கும் லியோனி மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதவள். "இந்த ஊர்ல இப்ப யாருக்கும் எந்த நோயும் கெடயாது, ரூத். நாம கடைய மூடிட்டுப் போகலாம்" என்றாள்.

ரூத் சிரித்தாலும் வீட்டுக்குப் போனால் அதுதான் மண்டையைக் குடைந்தது. ஊசி மருந்தை வாங்கி வைக்கலாம், கருவி வாங்கி வைக்கலாம். நோயாளி வாயைத் திறக்காவிட்டால் டாக்டர் என்ன செய்ய? சட்டம் எழுதியவர்கள் நல்லவர்கள்தான், ரோட்டில் எதிரே வருகிற குழந்தையை நினைத்து எழுதியிருக்கிறார்கள், அவளும் அதை மறுக்கவில்லை. ஆனால் அதை எழுதியபோது இந்த நாற்காலியில் உட்கார்ந்து யாரும் எழுதவில்லை. இப்படியே போனால் இன்னும் இரண்டு வருஷத்தில், சொல்லாமல் மறைத்த ஒரு நோயால் யாராவது சாவார்கள், அந்தச் சாவுச் சான்றிதழையும் அவள்தான் எழுதவேண்டும். அவள் பயந்தது அதற்குத்தான்.

அதனால் வெர்னை அவள் விடவில்லை. கண் அறுவைக்கு அரசாங்க வரிசை நீளம். பதிவாளருக்குப் போன அதே அறிக்கையின் நகலை இணைத்து, இந்த மனிதருக்குக் கண் போனதால் வண்டி போயிற்று, வண்டி போனதால் வாழ்க்கையே முடங்கிவிட்டது என்று அடிலெய்டுக்கு எழுதினாள். பதில் வரவில்லை, போன் செய்தாள். திரும்பத் திரும்பச் செய்தாள். கடைசியில் தொல்லை தாங்காமல் அவர்கள் ஜூனில் ஒரு கண், ஜூலையில் ஒரு கண் என்று தேதி கொடுத்தார்கள். கிளெனிஸ்தான் முந்நூறு கிலோமீட்டர் கூட்டிக்கொண்டு போனாள், திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தாள். மதியச் சாப்பாட்டு வண்டிக்கும் அவள்தான் டிரைவர். வெர்ன் பக்கத்தில் உட்கார்ந்து பாத்திரம் எடுத்துக் கொடுத்தார்.

ஆகஸ்டு கடைசியில் இருவரும் கிளினிக்குக்கு வந்தார்கள். வெர்ன் இந்த முறை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ரூத் புது அட்டையைத் தொங்கவிட்டாள். கடைசி வரிக்கு முந்தைய வரி வரை ஒரு எழுத்துப் பிசகாமல் படித்தார். படித்துவிட்டு, பழைய அட்டையையும் காட்டு என்றார். காட்டினாள்.

"மூணாவது வரில கடைசி எழுத்த இத்தனை வருஷமா தப்பாச் சொல்லியிருக்கேன். நீ ஒரு தடவகூட திருத்தலயே."

ரூத்துக்குக் காது சூடாயிற்று. அவள் கேட்டால்தானே திருத்துவதற்கு. உங்களுக்குப் பரீட்சை வைத்தேனே தவிர காதில் வாங்கவில்லை, என் தப்புதான் என்று ஒப்புக்கொண்டாள். வெர்னுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. கோபம் போகவில்லை, இன்னும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே, அவர் பார்த்த அதிசயங்களை அடுக்கினார். வீட்டுச் சுவர் மஞ்சள் என்று நினைத்திருந்தாராம், வெள்ளையாம். குதிர் உச்சியில் கிளிகள் உட்கார்ந்திருப்பது ரோட்டிலிருந்தே தெரிகிறதாம். கிளெனிஸ் முகத்தில் இவ்வளவு சுருக்கம் இருப்பதை அவளும் டாக்டரும் சேர்ந்து அவரிடம் மறைத்துவிட்டார்களாம். கிளெனிஸ் அவர் தோளில் ஒன்று வைத்தாள்.

உரிமத்தைத் திருப்பித் தரலாம் என்று பதிவாளருக்கு எழுதின காகிதத்தில் ரூத் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து இவ்வளவு சந்தோஷமாக இதுவரை ஓடியதில்லை. உரிமம் ஒரு வாரத்தில் தபாலில் வந்தது. வந்த மறுநாளே வெர்ன் ஓட்டிக்கொண்டு வந்தார், கிளெனிஸுக்கு டாக்டரைப் பார்க்கவேண்டுமாம். அவர் வெளியே லியோனியிடம் கிளிக்கதை சொல்லிக்கொண்டிருக்க, கிளெனிஸ் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். பின்னல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இப்ப என்னைப் பத்தி எழுது, கண்ணு."

ரூத்துக்குப் புரியவில்லை.

"ஒண்ணரை வருஷமா கண்ண இருட்டிக்கிட்டு வரும். அஞ்சு விநாடி, பத்து விநாடி நான் இங்க இருக்கமாட்டேன். கோழிக்கூண்டுகிட்ட ரெண்டு தடவ விழுந்தேன். அப்புறம் சரியாயிடும்."

ரூத் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு. அப்புறம் ஒரு துடிப்பு வரவேண்டிய இடத்தில் வரவே இல்லை. அது மறுபடி வரும்வரை ரூத் மூச்சு விடவில்லை.

"அடிலெய்டுக்கு எத்தன தடவ ஓட்டிட்டுப் போனீங்க?"

"ஆறு தடவ."

"அப்ப வந்துச்சா?"

"ஒரு தடவ. வர்றதுக்கு முன்னாடி காது அடைக்கும், அதனால ஓரங்கட்டிட்டேன். முழிச்சப்ப இஞ்சின் ஓடிட்டிருந்துது. அவருக்குக் கண்ணுல கட்டு. டீ குடிக்க நிறுத்தினேன்னு நெனச்சாரு. சரின்னு ரெண்டு பேரும் டீ குடிச்சோம்."

ரூத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த நெடுஞ்சாலையில் கோதுமை லாரிகள் போகிற வேகம் அவளுக்குத் தெரியும். ஏப்ரலில் இதே வாசலில் அவளே அந்தச் சாவியை இவள் கையில் கொடுக்கச் சொன்னாள். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது அவள் குரல் தடித்திருந்தது.

"சொல்லியிருந்தா நீ எழுதியிருப்பே. எழுதித்தானே ஆகணும் நீ. அப்புறம் அவர யாரு கூட்டிட்டுப் போறது?"

ரூத் இழுப்பறையைத் திறந்து பதிவாளருக்கான படிவத்தை எடுத்தாள்.

"இப்ப அவருக்குக் கண்ணு தெரியுது. வீட்டுல ஒருத்தர் ஓட்டினாப் போதும். எனக்கு அந்தக் காரே ஆகாது, கிளட்சு கல்லு மாதிரி." கிளெனிஸ் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "இத உன்கிட்டதான் சொல்லணும்னு நாலு மாசமா வெச்சிருந்தேன். டெர்ரிக்குக்குப் போன்னு எத்தனையோ பேர் சொன்னாங்க. அவருக்காக நீ எத்தன போன் போட்டேன்னு லியோனி சொன்னா. எழுது, நான் படிச்சுப் பாத்துக்கறேன்."

ரூத் எழுதினாள். இதயத்தின் ஓட்டத்தைக் காகிதத்தில் பதிந்து, அதை அடிலெய்டுக்கு அனுப்பி, அங்கிருந்த இதய மருத்துவரைப் போனில் பிடித்தாள். சின்னக் கருவி ஒன்றை நெஞ்சுக்குள் வைத்தால் தீர்ந்துவிடும், நாளைக் காலையே கூட்டிவரச் சொல்லுங்கள் என்றார் அவர். கிளெனிஸ் பதிவாளருக்கான அறிக்கையை நிதானமாகப் படித்து, தேதியில் ஒரு தப்பைத் திருத்தி, ஓட்டுநர் உரிமத்தைப் பர்ஸிலிருந்து எடுத்து அதன்மேல் வைத்தாள். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. நாலு மாதமாகச் சுமந்ததை இறக்கி வைத்தவளாக, டீ கிடைக்குமா என்று கேட்டாள். ரூத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அடிலெய்டுக்கான கடிதத்தில் ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது, நோயாளி மருத்துவமனைக்கு எப்படி வருவார் என்று. ரூத் பேனாவை எடுத்து அதை நிரப்பினாள்: கணவர் ஓட்டி வருவார்.