கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு குரல்

வேலையிலிருந்து திரும்பிய மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள். "காலையில வண்டி இன்னிக்கும் நடுவழியில நின்னுடுச்சுங்க. ஆனா ஏன் நிக்குதுன்னு அவரு சொல்லிட்டாரு பாருங்க, ஒருத்தர்கூட முனகல."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அவள் கணவர், மின்சார ரயில் கார்டு, நிமிரவில்லை. அந்த 'அவரு' யாரென்று கேட்க வேண்டியதில்லை. அதே தடத்தில் ஓடும் இன்னொரு கார்டு. ஓய்வறையில் அவனுக்கு 'ரேடியோ' என்று பெயர். வண்டி தாமதமானால் பயணிகளுக்குக் காரணம் சொல்லுங்கள், சேவை மேம்பட வேண்டும் என்று மேலிடம் உத்தரவு போட்டபோது எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். ரேடியோ மட்டும் பிடித்த மைக்கை விடவில்லை. அவனுக்குப் பாராட்டு வந்ததுகூட கார்டை உறுத்தவில்லை. தன் வீட்டில், தன் மனைவியின் வாயில் அவன் 'அவரு' ஆகிவிட்டதுதான் உறுத்தியது. கல்யாணமானதிலிருந்து கார்டு வீட்டில் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு தபால் அட்டை நிறையாது.

ரேடியோ விடுப்பு எடுத்த அன்று, மனைவி ஏறும் வண்டியைக் கார்டு தானே கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டில் மூச்சு விடவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஒத்திகை மட்டும் பார்த்தார்.

சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. மைக்கை எடுத்தார். ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம் ரேடியோவின் வாக்கியங்கள், ரேடியோவின் இழுப்பு. முடிக்கப் போகையில், இரவில் கட்டிலோரம் உட்கார்ந்து மனைவி தன் காலைத் தானே பிடித்துவிட்டுக்கொள்வது ஞாபகம் வந்தது. "நின்னுக்கிட்டு வர்றவங்களுக்குக் கால் வலிக்கும்" என்றார். "உக்காந்திருக்கவங்க கொஞ்ச நேரம் மாத்தி விடுங்க."

மாலையில் வெங்காயத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நறுக்காமல் காத்திருந்தார்.

"இன்னிக்கு எனக்கு உக்கார இடம் கெடச்சுதுங்க" என்றபடி வந்தாள். "அவரு சொன்னதும் ஒரு பொண்ணு எழுந்துட்டா. இதெல்லாம் எப்படித்தான் அவருக்குத் தோணுதோ."

கார்டு வாயைத் திறந்தார்.

"பாவம், தொண்டை கட்டிருக்கு போல. ஒரே கரகரப்பு. நாளைக்குப் பாத்தா வெந்நீர் குடிக்கச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றார்.

அவள் முகம் கழுவப் போனாள். அவர் அடுப்பில் தண்ணீர் வைத்து, டம்ளரோடு நின்றார். பாத்திரத்தின் அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பி, மேலே வருவதற்குள் காணாமல் போய்க்கொண்டிருந்தன.