குழுவா, கும்பலா?

வாருங்கள், வந்து பாருங்கள்! சிறுவர் நீதிமன்றத்தின் கதவு பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. இதோ, நான் திறக்கிறேன். உள்ளே நிற்பவன் திருச்செல்வம், பதினாறு வயது, மலேசியாவில் கெமாஸ் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. கோயில் திருவிழாவில் எவர் மேளம் முன்னே போவது என்ற சண்டையில், உறுமிக் குச்சியால் ஒருவன் மூக்கை உடைத்தான். தவறுதான்! வெறும் அடிதடி வழக்கென்றால், நன்னடத்தைக் கண்காணிப்பில் வீட்டிலிருந்தே பள்ளிக்குப் போயிருப்பான். ஆனால் அவன்மீது பாய்ந்ததோ குண்டர் கும்பல் சட்டப் பிரிவு!

இடைவேளையில் வழக்கறிஞர் உமா கேட்டார்: “போலீஸ்ல என்னடா சொன்ன?”

“எந்த கும்புலான்னு கேட்டாரு அக்கா. ‘கருப்பர் படை’ன்னேன். எங்க உறுமி குரூப்பு லா! லீடர் யாருன்னாரு, நான்தான்னேன்.”

கும்புலான்! மலாய் மொழியில் குழுவுக்கும் அதே சொல், கும்பலுக்கும் அதே சொல்.

“ஆயுதம் கேட்டாரா?”

“குச்சி எல்லார்கிட்டயும் இருக்கான்னாரு, ஆமான்னேன். இல்லாம எப்படிக்கா அடிக்கிறது?”

தாய் ரதி தலையிலடித்துக்கொண்டாள். “லீடராம் லீடரு! தின்ன தட்டக் கழுவத் தெரியாது, தொர படை நடத்துறாராம்!”

உமா சிரித்துவிட்டார், மறுகணமே முகம் இறுகியது. “இது மேளக் குழுதான்னு கோயில் கமிட்டி வந்து சொல்லணும்க்கா. அப்பதான் செக்‌ஷன மாத்தச் சொல்லிக் கேக்க முடியும்.”

ரதி அங்கேயே கோயில் தலைவர் இராஜமாணிக்கத்தைக் கைப்பேசியில் அழைத்தாள்.

“நல்ல பையன்தாம்மா, எனக்குத் தெரியாதா? ஆனா என் பேரு கோர்ட்டுல வந்தா கமிட்டியையும் கும்புலான்னு எழுதிருவானுங்க. என்னை விட்டுரும்மா.”

“உங்க சாமிக்குத்தானே அண்ணே அவன் அடிச்சான்!”

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

இடைவேளை முடிந்தது. சாட்சி இல்லை, பிரிவு மாறவில்லை. பிரிவு மாறாததால் ஜாமீனும் இல்லை. மூக்குடைத்த குற்றத்தை அந்த அறையில் எவரும் எடை போடவில்லை. ஒரு பெயரை எடை போட்டார்கள்! காவலர் கையைப் பிடித்தபோதுதான், வீட்டுக்குப் போகப்போவதில்லை என்று திருச்செல்வத்துக்குப் புரிந்தது.

“அம்மா, ஸ்கூல்ல என்னான்னு சொல்லுவ?”

அவனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

அந்த உறுமிக்கு அருள் வந்து ஆடியவர்களே! அடுத்த விசாரணை வருகிறது. ஒளியாதீர்கள். உமாவிடம் போங்கள், பெயரைக் கொடுங்கள், சாட்சிக் கூண்டில் ஏறுங்கள். “இவன் குண்டன் அல்லன், எங்கள் மேளக்காரன்” என்று உரக்கச் சொல்லுங்கள்!