புருவத்தின் மேல் வைத்த விரல்

தர்ஷினியின் அம்புகள் காலையில் ஒழுங்காகத்தான் போகும். இலக்குப் பலகையின் மஞ்சள் வட்டத்தைச் சுற்றியே வந்து குத்தும். வெயில் ஏறி, தோள் கனத்துப்போனால் தொல்லை ஆரம்பித்துவிடும். நன்றாக எய்துகொண்டிருக்கும்போதே திடீரென்று ஓர் அம்பு பலகையைத் தொடாமல் இடப்பக்கமாகப் பறந்து வேலியோரப் புதரில் போய் விழும். அவள் குனிந்து, முள்ளை விலக்கித் தேடி எடுப்பாள். தேடுகிற நேரமெல்லாம் தன்னையே திட்டிக்கொள்வாள்.

"கையில தப்பு இல்ல. மனசுலதான் பயம்" என்பார் ரஞ்சித் சார். வேலூரிலிருந்து சனி, ஞாயிறு மட்டும் வந்து சொல்லிக்கொடுப்பவர் அவர். தர்ஷினியும் அதை நம்பினாள். பயத்தைப் போக்க மூச்சை எண்ணிப் பார்த்தாள், விரதம் இருந்து பார்த்தாள்.

முழுப்பெயர் பிரியதர்ஷினி. மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் சாமையும் புளியுமாகப் பிழைக்கும் மாதையனின் மகள். படிப்பு முடிந்து ஒடுகத்தூரில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது, வேர்க்கடலைக் கொல்லைகளைத் தாண்டி இருந்த வில்வித்தைத் திடலைப் பார்த்தாள். சும்மா வேடிக்கை பார்க்கப் போனவள் மறுநாளும் போனாள். அங்கேதான் புவனா பழக்கமானாள். புவனாவுக்குப் பிறவியிலேயே இடதுகைப் பழக்கம். திடலில் இருந்த ஒரே இடதுகை வில்லில் அவள்தான் எய்துகொண்டிருந்தாள்.

ஒரு மாதத்துக்குள் தர்ஷினி ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு புவனாவின் வீட்டுக்கே வந்துவிட்டாள். "ரெண்டு பேருக்கு வடிக்கிற சோத்த மூணு பேருக்கு வடிக்கிறேன், இதுல இன்னா இருக்குது" என்றார் புவனாவின் அம்மா கெங்கம்மாள். தர்ஷினி ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் சாமையும் புளியும் கொண்டுவருவாள். இருவரும் ஒரே பாயில் படுத்து, ஒரே வண்டியில் திடலுக்குப் போனார்கள்.

அவள் சேர்ந்த புதிதில் கண் சோதனை செய்யச் சொல்லியிருந்தார் சார். இரண்டு கண்ணும் திறந்திருந்தாலும் குறி பார்க்கும்போது மூளை ஒரு கண்ணைத்தான் பெரிதும் நம்பும். அந்தக் கண் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் கையால் நாணை இழுத்தால்தான் அம்பு நேராகப் போகும். அன்று சாருக்கு அவசரம். "புவனா, நீயே பாத்து சொல்லிடு" என்று கிளம்பிவிட்டார்.

தர்ஷினி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களைச் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை மட்டும் விட்டு, அதன் வழியே எதிரில் நின்ற புவனாவின் மூக்கைப் பார்த்தாள். எதிரில் நிற்பவருக்கு அந்த ஓட்டையில் எந்தக் கண் தெரிகிறதோ அதுதான் குறி பார்க்கும் கண். புவனா அந்த ஓட்டையை உற்றுப் பார்த்தாள். பிறகு நடந்து வந்து தர்ஷினியின் வலது புருவத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இதான் உன் கண்ணு."

அன்றிலிருந்து தர்ஷினி வலது கையால் நாணை இழுத்தாள். இடது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வது அவளாகவே கற்றுக்கொண்டது. மூடினால்தான் குறி நிலைத்தது. ஏன் என்று யோசித்ததில்லை.

இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. மாவட்ட அணிக்கான தேர்வில் புவனா தேறினாள். தர்ஷினியின் கடைசி அம்பு பலகையை விட்டுப் போனது. அன்று பஸ்ஸில் தர்ஷினியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "பயப்படாம இருந்தா நீயும் வந்திருப்படி" என்றாள் புவனா. தன் தோல்வியைவிட அந்தத் தோள்தான் அன்று தர்ஷினிக்குப் பெரிதாக இருந்தது.

இந்த ஆவணி மாதம் வேலூரில் ஒரு பயிற்சி முகாம் நடந்தது. அதற்குள் மாநில அணிக்குப் போயிருந்த புவனாவுக்கு வேறு முகாம். தர்ஷினி தனியாகத்தான் போனாள். அங்கே சொல்லிக்கொடுக்க வந்திருந்தவர் மணிவேல். அவள் நாலைந்து அம்பு எய்வதைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"ஏம்மா இடது கண்ண இந்த மாதிரி பிழியுற? முகமெல்லாம் கோணுது பாரு."

"மூடலன்னா அம்பு ஓடிப்போவுது சார்."

"கண்ணு சோதிச்சியா?"

"சோதிச்சாச்சு சார். வலதுதான்."

அவர் எதிரில் போய் நின்று, கையை நீட்டித் தன் மூக்கைப் பார்க்கச் சொன்னார். ஒரு நொடிதான்.

"இடதும்மா. சந்தேகமே இல்ல. நீ இடதுகை வில்லு எடுத்திருக்கணும். சோர்ந்து போறப்ப அந்தக் கண்ணு தானா தெறந்துக்கும், அம்பு அது காட்டுற பக்கம் போய்டும். யாரு சோதிச்சது?"

"என் சிநேகிதி சார். எதிர்ல நின்னு பாத்ததுல இடம் வலம் மாறிப் போயிருக்கும்" என்றாள் தர்ஷினி. புவனாவை யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்ற அவசரம் அவள் குரலில் இருந்தது.

அவர் சிரித்துவிட்டு, பக்கத்தில் நின்ற நிவேதா என்ற பெண்ணைக் காட்டி, "இந்தப் பொண்ணுக்கு நீயே பாரு, தெரிஞ்சுக்குவ" என்று நகர்ந்தார்.

தர்ஷினி எதிரில் நின்றாள். நிவேதா கைகளை நீட்டினாள். விரல்களுக்கு நடுவில் இருந்த சின்ன ஓட்டையில் ஒரு கண் முழுசாக, இமை மயிர்கூடத் தெரியும்படி நின்றது. இன்னொரு கண்ணைக் கை மறைத்திருந்தது. இதில் குழம்ப ஒன்றுமில்லை. ஆனால் வாயால் சொல்ல வந்தபோது இடமா வலமா என்று அவளுக்கே தடுமாறியது. அதனால் நடந்துபோய் அந்தக் கண்ணுக்கு மேல், புருவத்தில் விரலை வைத்து, "இந்தக் கண்ணு" என்றாள்.

விரல் அங்கேயே நின்றுவிட்டது. "இன்னாக்கா?" என்று நிவேதா இரண்டு தரம் கேட்டாள்.

வாயால் சொல்லியிருந்தால் இடம் வலம் மாறியிருக்கலாம். புவனா வாயால் சொல்லவில்லை. கண்ணை நேராகப் பார்த்து, நடந்து வந்து, மற்ற கண்ணின்மேல் விரலை வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் தர்ஷினி வீடு திரும்பியபோது புவனாவும் முகாம் முடிந்து வந்திருந்தாள். மாடியில் வேர்க்கடலை காயப்போட்டுக் காலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"முகாம் எப்டிடி இருந்துச்சு?"

"எனக்கு இடது கண்ணாம்."

புவனாவின் கால் நின்றது. தர்ஷினி காத்திருந்தாள். 'ஐயோ, தப்பா பாத்துட்டேனா' என்று ஒரு வார்த்தை வந்திருந்தால், பொய் என்று தெரிந்தும் அதைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

"ஒரு வில்லுதான் இருந்துச்சு" என்றாள் புவனா, தலையைத் தூக்காமல். "அதுக்கு நான் எத்தினி நாளு கெஞ்சினேன்னு உனக்குத் தெரியாது. நீ வந்த மொத வாரத்துலயே என்னைவிட நல்லா இழுத்த. இடதுன்னு சொல்லியிருந்தா சார் உன் கையிலதான் குடுத்திருப்பாரு."

"அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னுதான் இருந்தேன். நாளாவ நாளாவ எப்டி சொல்றதுன்னு தெரியல. உன்ன வூட்டுல வெச்சுக்கலயா? எங்கம்மா உனக்குச் சோறு போடலயா?"

"வில்லுக்காகப் பண்ணத நான் மறந்துடுவேன்" என்றாள் தர்ஷினி. "நீ இடது கை, நான் வலது கை. கோட்டுல நின்னா ரெண்டு பேரும் எதிர் எதிரா பாத்துட்டுதான் நிப்போம். நான் கண்ண இறுக்கிக்கினு அல்லாடுறத தெனம் பாத்த. பாத்துட்டு, பயப்படாதடின்னு சொன்ன. நான் பயந்தாங்கொள்ளின்னே நெனச்சிக்கினு இருந்தேன் புவனா."

புவனா அழுதாள். தர்ஷினிக்கு அழுகை வரவில்லை. அவள் கீழே இறங்கித் துணிகளைப் பையில் அடுக்கினாள். டீ போட்டுக்கொண்டிருந்த கெங்கம்மாள் பையைப் பார்த்துவிட்டு, "இன்னா, இப்பதான் வந்த, அதுக்குள்ள மலைக்கா?" என்றார்.

"ஆமாம்மா. போய்ட்டு வர்றேன்."

டீயைக் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். நின்றபடியே குடித்தாள். சூடு நாக்கைச் சுட்டதுகூட மலைக்குப் போகும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

ஊரில், தன் வீட்டில் யாரிடமும் அவள் சொல்லவில்லை. இரண்டு நாள் புளி உடைத்தாள். மூன்றாம் நாள் இறங்கி வந்து பழைய ஹாஸ்டலிலேயே இடம் கேட்டாள். சனிக்கிழமை ரஞ்சித் சாரிடம் போய் இடதுகை வில்லைக் கேட்டாள். மாநில அணிக்குப் போன பிறகு புவனாவுக்குச் சொந்த வில் வந்திருந்தது. பழையது அலமாரியில் சும்மா கிடந்தது.

"உனக்கு வலதுன்னுதானே புவனா சொன்னா?"

"பொய் சொன்னா சார்."

சார் அவள் முகத்தைப் பார்த்தார். அன்று அவசரமாகக் கிளம்பியது அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வில்லை எடுத்துக் கொடுத்தார்.

புதிதாகச் சேர்ந்தவர்களோடு பலகைக்குப் பக்கத்திலேயே நின்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். பழகாத இடது கை சீக்கிரமே சோர்ந்தது, நாண் உரசி வலது முன்கை சிவந்தது. ஆனால் இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருக்க முடிந்தது. முகத்தில் எங்கேயும் இறுக்கம் இல்லை. இவ்வளவு லேசான ஒன்றா இது என்று தோன்றியதும்தான், மாடியில் வராத அழுகை வந்தது. வில்லை இறக்கிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள்.

இந்த வருஷத் தேர்வுக்கு அவள் பெயர் கொடுக்கவில்லை. கை பழக இன்னும் நாளாகும். புவனா திடலுக்கு வருகிற நேரத்தை அவளாகவே மாற்றிக்கொண்டாள்.

போன வாரம் கடையில் இருக்கும்போது கெங்கம்மாள் போன் செய்தார்.

"ஏம்மா, வூட்டுப் பக்கமே வரமாட்டேங்குற? இவளக் கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்குறா. நான் எதுனா சொல்லிட்டேனா?"

"நீங்க ஒண்ணும் சொல்லலம்மா. கடையில வேலை ஜாஸ்திங்க."

"ஞாயித்துக்கெழம கறி எடுக்கிறேன். வந்துட்டுப் போ."

தர்ஷினி நிமிர்ந்து பார்த்தாள். எதிரில் ஒருவர் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார். "அப்புறம் பேசுறேம்மா" என்று போனை வைத்துவிட்டு, அந்தச் சீட்டை வாங்கிப் படிக்க ஆரம்பித்தாள்.